வெள்ளைப் பெட்டி பேசவில்லை

"எங்கப்பாவைக் கொன்னது யாருன்னு எனக்குத் தெரியும். நீங்க நிரூபிச்சுக் குடுத்தா போதும்" என்றாள் நேவேனா.

துப்பறிவாளர் டோன்செவ் சூரியகாந்தி விதை கொறிப்பதை நிறுத்தினார். சிகரெட்டை விட்ட பிறகு ஒட்டிக்கொண்ட பழக்கம் அது. ஜன்னலுக்கு வெளியே ரூசே நகரத்தை நவம்பர் மூடுபனி விழுங்கிக்கொண்டிருந்தது. டான்யூப் ஆற்றில் ஒரு சரக்குக் கப்பல், தான் எங்கே நிற்கிறோம் என்று தனக்கே தெரியாததுபோல் ஊதியது.

"அப்ப பாதி வேலை முடிஞ்சுது" என்றாள் உதவியாளர் ஸோரி. "வழக்கமா எங்க சாருக்கு அந்தப் பாதியிலதான் நாள் போகும்."

டோன்செவ் திரும்பிப் பார்த்த பார்வையில் அவள் வாயை மூடிக்கொண்டாள். நேவேனா சிரிக்கவில்லை. முப்பது வயதுக்குள்தான் இருக்கும். கறுப்பு ஸ்வெட்டர், கறுப்பு ஸ்கார்ஃப், பல நாளாகத் தூங்காத கண்கள். அப்பாவின் நாற்பதாம் நாள் சடங்கு முந்தின தினம்தான் முடிந்திருந்தது.

அவள் சொன்னது இதுதான். அப்பா அசென், டான்யூபில் தூர்வாரும் கப்பல் ஓட்டி ஓய்வு பெற்றவர். நேவேனாவின் அம்மா இறந்து சில வருடம் கழித்து ரூமியானா என்ற தையற்காரியைக் கல்யாணம் செய்துகொண்டார். போன வருடம் பக்கவாதம் வந்து அவருக்கு இடது பக்கம் தளர்ந்துபோனது. நேவேனா ஆஸ்திரியாவில், லின்ஸ் நகரத்து முதியோர் இல்லம் ஒன்றில் வேலை பார்க்கிறாள். ஊரான் வீட்டு அப்பாக்களைத் தூக்கி உட்கார வைக்கிற வேலை என்று அவளே சொன்னாள். தன் அப்பாவுக்கு அவளால் செய்ய முடிந்தது, ஒரு அவசரப் பொத்தான் வாங்கிக் கொடுத்தது. கடிகாரம் மாதிரி மணிக்கட்டில் கட்டிக்கொள்வது. அதை அழுத்தினால், நடையில் சுவரோரம் செருகியிருக்கும் ஒரு வெள்ளைப் பெட்டிக்குத் தகவல் போகும். பெட்டி, வீட்டு வைஃபை வழியாக இரண்டு போன்களை அலற வைக்கும். ஒன்று நேவேனாவுடையது. மற்றது ரூமியானாவுடையது.

அக்டோபரில் ஒரு சாயங்காலம், கீழ் வீட்டில் குளிர்காலத்துக்கு முட்டைக்கோஸை உப்பில் ஊறப்போடுவதற்கு ஒத்தாசையாக ரூமியானா போயிருந்தாள். திரும்பி வந்தபோது அசென் நடையில் கிடந்தார். உடம்பு சில்லிட்டிருந்தது. எந்தப் போனும் அலறவில்லை.

நேவேனா பொத்தான் கம்பெனியைக் கேட்டிருக்கிறாள். அந்த வீட்டுப் பெட்டி, சாவுக்கு இரண்டு வாரம் முன்னாலேயே, அசெனின் பிறந்தநாள் சனிக்கிழமையிலிருந்தே தங்களோடு பேசவில்லை என்றார்கள். எச்சரிக்கை மின்னஞ்சல் அனுப்பியிருந்தார்கள், அசெனின் முகவரிக்கு. அவர் அதை ஒருநாளும் திறந்தவர் இல்லை.

"அன்னிக்குத்தான் அந்தம்மா பெட்டியைப் பிடுங்கிட்டாங்க" என்றாள் நேவேனா. "அப்பா உப்பு வேணும்னாலும் பொத்தானை அழுத்துவார், கண்ணாடி காணோம்னாலும் அழுத்துவார். 'ஒருநாள் இதப் பிடுங்கி ஆத்துல வீசறேன் பார்'னு அவங்க என் காதுபடச் சொல்லியிருக்காங்க. இப்ப பாதி வீடு அவங்களுக்கு."

மதியம் வக்கீலைப் பார்க்கப் போவதாகவும், மறுநாள் லின்ஸுக்குப் பஸ் ஏறுவதாகவும், அதற்குள் கையில் பிடிக்கிற மாதிரி ஏதாவது வேண்டும் என்றும் சொல்லிவிட்டு எழுந்தாள். கதவருகே ஒரு நிமிடம் நின்றாள்.

"பிடுங்கினவங்க, வெளிய போகும்போது அவர்கிட்ட என்ன சொல்லிட்டுப் போனாங்க தெரியுமா? 'ஏதாவதுன்னா பொத்தானை அழுத்துங்க'ன்னு. அதைப் போலீஸ்கிட்ட அவங்களே சொன்னாங்க."

அவள் போன பிறகு ஸோரி கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"கிளம்பலாம் சார். நீங்க படி ஏற ஆரம்பிச்சா, நான் காபி குடிச்சுட்டு வந்தாலும் உங்களுக்கு முன்னாடி மேல இருப்பேன்."

அசெனின் வீடு, ஒரே அச்சில் வார்த்த கான்கிரீட் குடியிருப்புகளில் ஒன்றில், ஐந்தாவது மாடியில். கீழ்வாசல் கண்ணாடியில் மரண அறிவிப்புகள் வரிசையாக ஒட்டியிருந்தன. அசெனின் நாற்பதாம் நாள் தாளில் பசை இன்னும் காயவில்லை. மாலுமித் தொப்பி போட்ட அகலமான முகம். யாரையோ கேலி செய்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிற கண்கள்.

ரூமியானா கதவைத் திறந்தாள். அறுபதை ஒட்டிய, ஒடிசலான பெண். வேண்டாத விருந்தாளிகள் என்று தெரிந்தும், காபி வைக்கட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்று டோன்செவ் சொன்னது அவள் காதில் விழவில்லை. சமையலறைக்குப் போய்விட்டாள்.

நடையில், செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில், அந்த வெள்ளைப் பெட்டி. சோப்புப் பெட்டி அளவுதான். பிளக்கில் செருகியே இருந்தது. முகப்பில் மஞ்சள் விளக்கு விட்டுவிட்டு மினுங்கியது.

டோன்செவ் முழங்காலைப் பிடித்தபடி குனிந்து அந்த பிளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். ஸோரி பெட்டியின் அடிப்புறத்தில் இருந்த எழுத்துகளைப் போன் வெளிச்சத்தில் படித்தாள். போன்களுக்கு வைத்தியம் பார்க்கும் கடையில் நாலு வருடம் இருந்தவள் அவள்.

"சார், இதுக்கு உயிர் இருக்கு. மஞ்சள் விளக்குன்னா வைஃபையைத் தேடிக்கிட்டே இருக்குன்னு அர்த்தம். பாவம், இன்னும் தேடுது."

பிறகு அவள் வீட்டைச் சுற்றி வந்தாள். டிவியைப் பார்த்தாள், டேப்லெட்டைப் பார்த்தாள், ரூமியானாவின் போனைக் கேட்டு வாங்கிப் பார்த்தாள். எல்லாம் நேவேனா அனுப்பியவை, எல்லாம் புதியவை. வாஷிங் மெஷினையும் விடவில்லை. அதற்கு வைஃபையும் கிடையாது, மூளையும் கிடையாது என்று சான்று கொடுத்தாள். வரவேற்பறை அலமாரியில், நாலு கொம்பு முளைத்த நண்டு மாதிரி, ஒரு பளபளப்பான புது ரௌட்டர் உட்கார்ந்திருந்தது.

"இந்த வீட்ல எல்லாரும் புது வைஃபை பேசறாங்க சார், ஒருத்தரைத் தவிர. அந்த வெள்ளைப் பெட்டிக்குப் பழைய அலைவரிசை மட்டும்தான் தெரியும்."

"போன வருஷம் வாங்கினதுன்னு சொன்னாளே?"

"கடைக்குப் புதுசு. ஆனா உள்ள இருக்கிறது பழைய சரக்கு. விளக்கு, மணி, பொத்தான் மாதிரி சின்னச் சாமான்ல எல்லாம் கம்பெனிக்காரன் பழசைத்தான் போடுவான். மலிவு, அதோட சுவரைத் தாண்டியும் போகும். நாம பெட்டியோட பளபளப்பைப் பார்த்துட்டுப் புதுசுன்னு நினைச்சுக்குவோம்."

"இந்த ரௌட்டர் பழசைப் பேசாதா?"

"பேசும், பேசவிட்டா." ஸோரி தன் போனை நீட்டினாள். சுற்றுவட்டார வைஃபை பெயர்கள் திரை முழுக்க வழிந்தன. பாதி அக்கம்பக்கத்துச் சண்டைகள் அங்கேயே நடந்துகொண்டிருந்தன: 'திருடாதே சொந்தமா வாங்கு', 'மூணாம் மாடி நாயைக் கட்டு', 'நாய் இல்லை என் மாமியார்'. டோன்செவின் மீசை லேசாக அசைந்தது.

"சிரிக்காதீங்க, எண்ணுங்க. ஒவ்வொரு வீட்டுப் பேரும் ரெண்டு தடவை தெரியுது பாருங்க. ஒண்ணு பழைய அலைவரிசை, ஒண்ணு புதுசு. இந்த வீட்டுப் பேர் மட்டும் ஒரே தடவை. யாரோ பழசை அடைச்சிருக்காங்க. பெட்டி கதவைத் தட்டித் தட்டிப் பார்க்குது, கதவே இல்ல."

சமையலறை வாசலில் கோப்பை மோதும் சத்தம் கேட்டது. ரூமியானா காபித் தட்டோடு நின்றிருந்தாள்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல. நான்தான் பிடுங்கினேன்" என்றாள். "அந்தச் சனிக்கிழமை. சும்மா சும்மா கூப்பிட்டுக்கிட்டே இருந்தார், எரிச்சலா இருந்துது. அவர் போனப்பறம் திரும்ப மாட்டி வெச்சேன். அவ சொல்றது சரிதான். எழுதிக்குங்க."

ஸோரி டோன்செவைப் பார்த்தாள். டோன்செவ் காபியை எடுத்து, ஒரே மடக்கில் குடித்து, நன்றி சொல்லி, ரௌட்டரின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை ஒருமுறை படித்துவிட்டு வெளியே வந்தார்.

லிஃப்டுக்குள் இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் மூச்சை வெளியே விட்டுவிட்டு வரவேண்டும். டோன்செவ் ஒருவரே இரண்டு பேர்.

"குத்தவாளி ஒத்துக்கிட்டா கேஸ் முடிஞ்சுதுன்னு அர்த்தம்" என்றாள் ஸோரி, அவர் தோளுக்கடியிலிருந்து. "நம்ம கேஸ் மட்டும் அப்பத்தான் ஆரம்பிக்குது. ஏன் சார்?"

"அந்தம்மா அதைப் பிடுங்கலை."

"எப்படிச் சொல்றீங்க?"

"பெயிண்ட். அந்தக் கப்பல்காரர் ஒத்தைக் கையாலயே நடைக்குத் தானே பெயிண்ட் அடிச்சிருக்கார். கப்பல்ல எதையும் கழட்டி வெச்சு அடிக்க மாட்டாங்க, மேலயே பூசிக்கிட்டுப் போவாங்க. பிளக்கையும் சேர்த்து அடிச்சிருக்கார். பிளக்கும் சுவரும் சேர்ற இடத்துல பெயிண்ட் ஒரே தோலா இருக்கு. ஒருதடவை பிடுங்கியிருந்தாலும் அது கிழிஞ்சிருக்கும்."

ஸோரி யோசித்தாள். "பிடுங்காததைப் பிடுங்கினேன்னு ஒருத்தங்க ஏன் சொல்லணும்?"

"யாருக்காகச் சொல்லணும்னு கேளு" என்றார் டோன்செவ்.

ஸ்டிக்கரில் இருந்த பெயர் பிளாமென். வைஃபை மாட்டிக் கொடுக்கிறவன். அதே குடியிருப்பில் அடுத்த வாசலில்தான் வசித்தான். அன்று மதியம் அவன் அங்கே தரைத்தளத்தில் ஒரு ஏணியில் நின்று கேபிள் இழுத்துக்கொண்டிருந்தான். அசெனின் பெயரைக் கேட்டதும் இறங்கி வந்தான். கைகளைப் பேண்டில் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

முதலில் எதுவும் தெரியாது என்றான். பிறகு, தான் மாட்டின ரௌட்டரில் ஒரு குறையும் இல்லை என்றான். பழைய அலைவரிசையை அடைத்தது ரூமியானாவா என்று டோன்செவ் கேட்டபோது அவன் முகம் மாறியது.

"அவங்களுக்கு அதெல்லாம் தெரியாது சார். அடைச்சது நான்."

"சும்மா அடைச்சீங்களா?" என்றாள் ஸோரி. "பொழுது போகலையா?"

பிளாமென் ஏணியின் கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டான். அங்கிருந்தபடியே, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் நிறுத்தி நிறுத்தி, நடந்ததைச் சொன்னான்.

பிறந்தநாளுக்கு லின்ஸிலிருந்து வந்த பரிசு அந்த ரௌட்டர். மகள் ஆசையாக அனுப்பியிருந்தாள். வீடியோவில் அப்பாவின் முகம் கட்டம் கட்டமாகச் சிதறிப் போவதை அவளால் பொறுக்க முடியவில்லை. முகம் தெளிவாகத் தெரிந்தால்தானே வாய் கோணியிருக்கிறதா, கண் தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க முடியும்? பிளாமென் அதை மாட்டும்போது டேப்லெட்டில் அவள் இருந்தாள். பக்கத்தில் அசென், தலையில் காகிதத் தொப்பியோடு. மாட்டிய பிறகும் படம் திக்கியது. அந்தக் கட்டடத்தில் பழைய அலைவரிசை சந்தைக்கடை மாதிரி, எல்லா வீட்டு வைஃபையும் ஒன்றின்மேல் ஒன்று கத்தும். டேப்லெட் திரும்பத் திரும்ப அந்தச் சந்தைக்குள்ளேயே போய் மாட்டிக்கொண்டது. பழசை அடைத்துவிட்டால் அது புதுசோடு மட்டும் நிற்கும் என்று பிளாமென் சொல்லியிருக்கிறான்.

"நான் கேட்டேன் சார். கேக்காம அடைக்கல. 'வீட்ல பழைய சாமான் ஏதாவது இருக்கா, அதெல்லாம் நின்னுடும்'னு கேட்டேன். அந்தப் பொண்ணு சொல்லுச்சு, 'ஒண்ணும் இல்ல, எல்லாம் நானே புதுசா வாங்கிக் குடுத்தது, அடைச்சிடுங்க'ன்னு. பெரியவர் சிரிச்சார். 'இந்த வீட்ல பழைய சாமான் நான் மட்டும்தான்'னார். எல்லாரும் சிரிச்சோம். படம் உடனே பளிச்சுன்னு ஆயிடுச்சு. அப்பாவைப் பாத்து அந்தப் பொண்ணு அழுதுச்சு. ரொம்ப சந்தோஷப்பட்டு."

டோன்செவ் விதைப் பொட்டலத்தை எடுத்தார். திறக்காமல் திரும்பப் பைக்குள் போட்டார்.

"ரூமியானாவுக்கு இது எப்பத் தெரியும்?"

அடக்கம் முடிந்த அன்றைக்கு என்றான் பிளாமென். துக்கம் கேட்கப் போனவன் நடையில் அந்த மஞ்சள் விளக்கைப் பார்த்திருக்கிறான். பார்த்ததும் புரிந்துவிட்டது. சமையலறையில் போய் ரூமியானாவிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதிருக்கிறான். அவள் அவனைத் திட்டவில்லை. அந்தப் பெட்டியை யாரும் தொடக்கூடாது, இதை யாரிடமும், முக்கியமாக மகளிடம், மூச்சுவிடக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

திரும்ப லிஃப்டில் ஏறினார்கள். மூன்றாவது மாடியில் ஸோரி, மெதுவாக, "அவகிட்ட எப்படி சார் சொல்வீங்க?" என்றாள்.

"தெரியல."

"சொல்லத்தான் வேணுமா?"

அவர் பதில் சொல்லுமுன் ஐந்தாவது மாடி வந்துவிட்டது. ரூமியானா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். ஜன்னல் வழியாக அவர்கள் அடுத்த வாசலுக்குப் போவதைப் பார்த்திருக்கிறாள். அவர்கள் முகத்தைப் பார்த்ததும் கேட்க எதுவும் மிச்சமில்லாமல் போயிற்று.

"உள்ள வாங்க, சத்தம் போடாதீங்க" என்றாள். கதவைச் சாத்திவிட்டு, கைகளை இடுப்பில் கட்டியிருந்த ஏப்ரனில் சுருட்டிக்கொண்டாள். "ஐயா, எனக்கு வயசாச்சு. என்னை அவளுக்கு ஆரம்பத்திலேர்ந்தே ஆகாது, இன்னும் கொஞ்சம் ஆகாமப் போனா என்ன? எனக்கு இங்க அக்கம்பக்கம் இருக்கு. அவ அங்க ஒரே ஒரு ரூம்ல தனியா இருக்கா. வேலைக்குப் போனா அங்கயும் பொத்தான் கட்டின கிழவங்கதான். இதைத் தெரிஞ்சுக்கிட்டு அவ எப்படி அங்க இருப்பா? என்மேல கோவமா இருக்கட்டும். கோவம் ஆளைத் தாங்கும்."

"வக்கீல்கிட்ட போறா. நீங்க ஜெயிலுக்குப் போகலாம்" என்றார் டோன்செவ்.

"போறேன்."

"நீங்க செய்யாததுக்கு."

"நான் செஞ்சதும் இருக்கு" என்றாள் ரூமியானா. "நான் திட்டினதிலேர்ந்து அவர் சும்மா அதை அழுத்தறதையே விட்டுட்டார், அது வேலை செய்யாததே எனக்குத் தெரியல. பொத்தான் இருக்கேன்னு நம்பி வெளிய போனேன். போனை முட்டைக்கோஸ் பக்கத்துலயே வெச்சிருந்தேன், சத்தம் கேக்கணும்னு."

வெளியே லிஃப்ட் கதவு அடைபடும் ஓசை. பூட்டில் சாவி திரும்பியது. நேவேனா உள்ளே வந்தாள். மூன்று பேரையும் நடையில் ஒன்றாகப் பார்த்ததும் நின்றாள்.

யாரும் பேசுமுன் ரூமியானா முந்திக்கொண்டாள். பிடுங்கியது தான்தான் என்றும், இவர்களிடம் ஒத்துக்கொண்டுவிட்டதாகவும், என்ன செய்வதானாலும் செய்துகொள்ளலாம் என்றும் மனப்பாடம் செய்த பாடம் மாதிரி ஒப்பித்தாள். நேவேனா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எதிர்பார்த்த வெற்றிதான் அது. ஆனால் அவள் முகத்தில் அசதி மட்டும்தான் இருந்தது. வக்கீலை அழைக்கப் பையிலிருந்து போனை எடுத்தாள்.

"கொஞ்சம் இரும்மா" என்றார் டோன்செவ்.

முழங்கால் முறிகிற சத்தத்தோடு மறுபடி குனிந்து பிளக்கைக் காட்டினார். பெயிண்டைக் காட்டினார். இது பிடுங்கப்படவே இல்லை என்றார். பொய்யான ஒரு குற்றத்துக்கு ஒருத்தரைக் காட்டிக்கொடுக்கத் தன்னால் முடியாது என்றும் சொன்னார். ரூமியானா கண்ணை மூடிக்கொண்டாள்.

நேவேனா குனிந்து, அப்பா பூசிய பெயிண்டை விரலால் தடவினாள். "அப்பறம் ஏன் பேசலை? பெட்டி கெட்டுப்போச்சா?"

டோன்செவ் முழங்காலைப் பிடித்தபடி மெல்ல நிமிர்ந்தார்.

"யாராவது சொல்லுங்க" என்றாள் நேவேனா. அவள் ஸோரியைப் பார்த்தாள். இருவருக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது.

ஸோரி டோன்செவின் முகத்தைப் பார்த்தாள். அவர் தடுக்கவில்லை. ஸோரி தன் போனில் ரௌட்டரின் அமைப்பைத் திறந்தாள். கடவுச்சொல் ரௌட்டரின் அடியிலேயே அச்சிட்டிருந்தது. ஒரே ஒரு கட்டம். அதைத் தொட்டாள்.

கொஞ்ச நேரம் எதுவும் நடக்கவில்லை. மஞ்சள் விளக்கு மினுங்கியது, மினுங்கியது, நின்றது. பச்சையாக எரிந்தது.

"என்ன பண்ணினீங்க?"

"பழைய அலைவரிசையைத் திறந்தேன்" என்றாள் ஸோரி. அவள் குரலில் எப்போதும் இருக்கும் விளையாட்டு இல்லை. "இந்தப் பெட்டிக்கு அது மட்டும்தான் தெரியும். அது அடைச்சிருந்துது."

நேவேனா பச்சை விளக்கைப் பார்த்தாள். பிறகு திரும்பி, திறந்த கதவு வழியாக, அலமாரியில் இருந்த ரௌட்டரைப் பார்த்தாள். அவள் உதடுகள் எதையோ சொல்லிப் பார்த்தன. அந்தச் சனிக்கிழமை தான் சொன்ன வார்த்தைகளாக இருக்கலாம்.

"நான்…" என்றாள்.

அப்போது அவள் கையில் இருந்த போன் அலறியது.

யாருக்கும் முதலில் புரியவில்லை. தீயணைப்பு வண்டி மாதிரி ஏறி இறங்கும் அந்தச் சத்தத்தை வேறு எதற்கும் வைக்கமாட்டார்கள். சமையலறை மேஜையில் ரூமியானாவின் போனும் அதே குரலில் சேர்ந்துகொண்டது. திரையில் அசெனின் படம், மாலுமித் தொப்பியோடு. கீழே 'அப்பா உதவி கேட்கிறார்' என்ற வரி. அதற்கும் கீழே, அக்டோபர் மாதத்து அந்தச் சாயங்காலத்தின் தேதி.

ஸோரிக்குத்தான் முதலில் விளங்கியது. வைஃபை கிடைக்காத நேரத்தில் வந்த அழைப்புகளைப் பெட்டி தனக்குள்ளேயே சேர்த்து வைத்துக்கொண்டிருந்திருக்கிறது. வழி திறந்ததும் ஒவ்வொன்றாக அனுப்புகிறது. பிளக்கைப் பிடுங்கியிருந்தால் அதனிடம் அனுப்ப ஒன்றும் இருந்திருக்காது. ரூமியானா நிரபராதி என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். அதைச் சொல்ல வாயெடுத்தவள் சொல்லவில்லை.

அந்தத் திரையில் ஒரே ஒரு பொத்தான்தான் இருந்தது: 'வருகிறேன்'. அதைத் தொடும்வரை சத்தம் நிற்காது.

நேவேனா அதைத் தொட்டாள். சத்தம் நின்றது. ஒரு மூச்சு விடும் நேரம். மறுபடி அலறியது. மறுபடி அதே முகம், அதே தேதி, நேரம் மட்டும் கொஞ்சம் தள்ளி. 'வருகிறேன்' என்று தொட்டாள். மறுபடியும் அலறியது. ஸோரி மனதுக்குள் எண்ண ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டாள். நேரங்களுக்கு நடுவே இடைவெளி கூடிக்கொண்டே போவதை அவள் பார்த்துவிட்டாள். அவ்வளவு நேரம் அந்த மனுஷன் இந்த நடையில் கிடந்திருக்கிறார். கை ஓய்ந்து ஓய்ந்து, மறுபடியும் முயன்றிருக்கிறார்.

நேவேனா சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். விரல் பொத்தானில் படாமல் வழுக்கியது. ரூமியானா பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்து, அந்தக் கையாலேயே அழுத்தினாள். கடைசி அழைப்பு அடங்கிய பிறகும் அந்தக் கையை விடவில்லை.

மேல்மாடியில் யாரோ தண்ணீர்க் குழாயைத் திறந்தார்கள்.

"உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள் நேவேனா.

"ம்."

"எப்பலேர்ந்து?"

"மண்ணு போட்ட அன்னிலேர்ந்து."

"இவ்வளவு நாள் நான் உங்களை என்னவெல்லாம் சொன்னேன்."

"சொன்னே" என்றாள் ரூமியானா. "அதுக்கென்ன இப்போ."

நேவேனா அழவில்லை. அழுகை வருகிற இடத்தையெல்லாம் தாண்டி எங்கேயோ போயிருந்தாள். டோன்செவ் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார். இனி அங்கே தன் வேலை எதுவும் இல்லை என்று அவருக்குத் தெரிந்தது. ஆனாலும் காலை எடுத்து வைக்க முடியவில்லை. முப்பது வருடத்தில் எத்தனையோ குற்றவாளிகளைப் பார்த்தவர். குற்றமே இல்லாத ஒரு வழக்கில் இவ்வளவு தண்டனையை அவர் பார்த்ததில்லை.

"ஒண்ணு கேக்கணும்" என்றாள் நேவேனா, ரூமியானாவின் முகத்தைப் பார்க்காமல். "அது வேலை செஞ்சிருந்தா, அப்பா பிழைச்சிருப்பாரா?"

ரூமியானா ஒரு கணம்கூடத் தயங்கவில்லை.

"இல்ல. டாக்டர் எங்கிட்ட சொன்னார். விழுந்த நொடியிலயே போயிடுச்சாம். ஒரு வலியும் தெரிஞ்சிருக்காதாம்."

டோன்செவ் கூரையைப் பார்த்தார். ஸோரி திரும்பிக் கதவைப் பார்த்து நின்றாள். அழைப்புகள் வந்த நேரங்களெல்லாம் நேவேனாவின் மடியில், அணையாத திரையில், ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன. அங்கே இருந்த நாலு பேரில் அந்தப் பதிலை நம்பக்கூடியவர் ஒருவரும் இல்லை.

நேவேனா வெகுநேரம் அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதைக் கவிழ்த்துத் தரையில் வைத்தாள்.

"சரி" என்றாள்.

ரூமியானா அவள் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் தாங்கிக்கொண்டு சமையலறைப் பக்கம் போனார்கள்.